நிலவேம்புச் சாற்றுப் பொடி: சோதனைக்கூடம் எதைப் பார்க்கிறது, எது அதன் கண்ணுக்குத் தப்புகிறது

நிலவேம்புச் சாற்றுப் பொடியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் பச்சை கலந்த பழுப்பு மாவு. நாக்கில் வைத்தால் கசப்பு. கண்ணும் நாக்கும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. செடியாக இருந்தவரை அதற்கு நாலு பட்டைத் தண்டு இருந்தது, ஈட்டி போன்ற இலை இருந்தது, பூவும் காயும் இருந்தன. காய்ச்சி, வடித்து, வற்றவைத்ததும் அத்தனை அடையாளமும் சக்கையோடு போய்விட்டது. மூலிகைச் சாற்றைச் சோதிப்பதில் உள்ள சிக்கலெல்லாம் இங்கேதான் பிறக்கிறது. பொடியை ஒரு கருவியில் வைத்ததும் ‘நல்லது’ என்று சொல்லிவிடும் சோதனை எதுவும் கிடையாது. ஒவ்வொரு சோதனையும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்; மற்றவை அதற்குத் தெரியாது.

சாறு என்று இங்கே சொல்வது பச்சிலையை இடித்துப் பிழிந்ததை அல்ல. காய்ந்த மூலிகையைத் தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ ஊறவைத்து அல்லது காய்ச்சி, கரைந்து வருவதை மட்டும் எடுத்து, கரைப்பானை ஆவியாக்கி உலர்த்திய பொடி. கம்பெனிகளில் எக்ஸ்ட்ராக்ட் என்பார்கள்.

மூட்டையைப் பிரித்ததும்

முதல் கேள்வி, இது நிலவேம்புதானா என்பது. அற்பமாகத் தோன்றும். ஆனால் சிறியாநங்கை என்றால் நிலவேம்புதான் என்பவர்களும் தமிழ்நாட்டில் உண்டு, இரண்டும் வேறு என்று சாதிப்பவர்களும் உண்டு. கோபுரந்தாங்கி போல நெருங்கிய சொந்தங்களும் அதே காட்டில், அதே பறிப்பவர் கைக்கு எட்டும் தூரத்தில் வளர்கின்றன. அதனால் கொள்முதல் சீட்டில் ஊர்ப் பெயர் மட்டும் போதாது. ஆண்ட்ரோகிராஃபிஸ் பானிகுலேட்டா என்ற தாவரவியல் பெயரும், எந்தப் பாகம் என்பதும் (இலை மட்டுமா, முழுச் செடியா) எழுதப்பட வேண்டும். கசப்பை நம்பி வாங்க முடியாது. இமயமலைச் சிராய்தாவும் கசக்கும், குடசப்பாலைப் பட்டையும் கசக்கும்.

மாதிரி எடுப்பதில்தான் பாதி சோதனைகள் கெட்டுப்போகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி சொல்லும் கணக்கு எளிது: 5 மூட்டை வரை வந்தால் ஒவ்வொன்றிலும் எடு, 6 முதல் 50 வரை வந்தால் 5 மூட்டையில் எடு, அதற்கு மேல் போனால் பத்தில் ஒன்று. ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். மண்ணும் தூளும் அடியில் இறங்கியிருக்கும். மேலாகக் கையை விட்டு அள்ளினால் நல்ல இலைதான் வரும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, சதுரமாகப் பரப்பி, நாலு கூறாகப் பிரித்து, எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு கூறுகளை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடியும் பரப்ப வேண்டும். தேவையான அளவு வரும்வரை இதையே திரும்பச் செய்வது.

அடுத்தது நுண்ணோக்கி. காய்ந்த இலையின் பொடியில் ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் தகட்டில் குளோரல் ஹைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு விட்டு மெல்லச் சூடாக்கினால் பச்சையமும் மாவுச்சத்தும் விலகி, செல்கள் தெளிவாகத் தெரியும். நிலவேம்பு இலையின் மேல்தோலில் சிஸ்டோலித் என்னும் சுண்ணாம்புக் கட்டிகள் இருக்கும். இலைத்துளை ஒவ்வொன்றையும் இரண்டு துணைச்செல்கள் குறுக்காக அணைத்திருக்கும். சிராய்தா வேறு குடும்பம், அதில் சிஸ்டோலித் கிடையாது. பத்து நிமிட வேலை, விலையுயர்ந்த கருவி தேவையில்லை. இந்தப் பத்து நிமிடத்தைத் தவறவிட்டுச் சாறாக்கிவிட்டால், பிறகு எத்தனை லட்சம் செலவழித்தாலும் அந்தச் சாட்சி திரும்பக் கிடைக்காது.

டி.என்.ஏ. சோதனை செய்யலாமே என்று தோன்றும். இலைக்கு அது நன்றாகவே வேலை செய்யும். சாற்றில் பெரும்பாலும் செய்யாது. கொதியிலும் கரைப்பானிலும் டி.என்.ஏ. சிதைந்துவிடும், அல்லது சக்கையோடு தங்கிவிடும். 2015இல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் கடைகளில் விற்ற மூலிகை மாத்திரைகளை டி.என்.ஏ. முறையில் சோதித்து, பலவற்றில் லேபிளில் சொன்ன செடியே இல்லை என்று அறிவித்தபோது எழுந்த விவாதம் இதைப் பற்றியதுதான். டி.என்.ஏ. கிடைக்கவில்லை என்றால் செடி இல்லை என்று பொருளாகாது.

செடி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியத்தில் நடந்ததை விடப் பெரிய உதாரணம் தேவையில்லை. 1990களின் தொடக்கத்தில் அங்கே உடல் மெலிவதற்கான சிகிச்சையில் ஸ்டெஃபானியா என்ற சீன மூலிகை சேர்க்கப்பட்டது. சீனப் பெயரில் உள்ள ஒற்றுமையால் அதற்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனச் செடி வந்து சேர்ந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். நம்மூர் ஆடுதின்னாப்பாளையும் கருடக்கொடியும் அதே அரிஸ்டோலோக்கியா இனம்தான் என்பதை மூலிகை வாங்குபவர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது.

மலிவான மூன்று சோதனைகள்

ஈரம், சாம்பல், கரைசத்து. இவற்றுக்குத் தராசும் அடுப்பும் உலையும் போதும். ஆனால் மோசடியில் பெரும்பங்கை இவையே பிடித்துவிடும்.

ஈரத்துக்கு, எடைபோட்ட பொடியை 105 டிகிரி சூட்டில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துவார்கள். குறைந்த எடைதான் ஈரம். சுக்கு போன்ற எண்ணெய்ச் சத்துள்ள சரக்கில் இது ஏமாற்றும், ஏனென்றால் வாசனை எண்ணெயும் சேர்ந்து ஆவியாகி ஈரக் கணக்கில் விழும். அங்கே டொலுயீனோடு சேர்த்துக் காய்ச்சி, பிரிந்து வரும் தண்ணீரை மட்டும் அளக்க வேண்டும்.

சாம்பலுக்கு 2 முதல் 3 கிராம் பொடியை 450 முதல் 600 டிகிரிக்குள் கரி தீரும்வரை எரிப்பது. கிடைத்த சாம்பலை 25 மி.லி. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினால், செடியின் உப்புகள் கரைந்துபோய் மணல் மட்டும் தங்கும். இதற்கு அமிலத்தில் கரையாச் சாம்பல் என்று பெயர். ரோட்டோரத்தில் உலர்த்திய சரக்கு இங்கே மாட்டிக்கொள்ளும்.

கரைசத்து, அதாவது ஆல்கஹாலில் கரைந்து வரும் சத்தின் அளவு, கொஞ்சம் கவனமாகச் செய்ய வேண்டியது. 5 கிராம் கரடான மூலிகைப் பொடியை மூடிய குடுவையில் 100 மி.லி. ஆல்கஹாலில் போட்டு, முதல் 6 மணி நேரம் அடிக்கடி குலுக்கி, பிறகு 18 மணி நேரம் அசைக்காமல் விடுவார்கள். வேகமாக வடிகட்டி, 25 மி.லி.யை மட்டும் ஒரு தட்டில் ஆவியாக்கி, 105 டிகிரியில் உலர்த்தி எடைபோடுவார்கள். அந்த 25 மி.லி.யில் இருப்பது 1.25 கிராம் பொடியின் சத்து. தட்டில் 0.15 கிராம் தங்கினால் கரைசத்து 12 சதவீதம். வடிகட்டும்போது மெத்தனமாக இருந்தால் ஆல்கஹால் ஆவியாகி எண் கூடிவிடும். ஏற்கெனவே ஒருமுறை சத்தெடுத்த சக்கையைக் காயவைத்து மறுபடியும் விற்பவர்களை இந்த எண் காட்டிக்கொடுக்கும். இலை பார்க்க இலையாகவே இருக்கும், கரைசத்து மட்டும் தரைக்கு வந்துவிடும்.

அடையாளச் சேர்மமும் அதன் கண்கட்டு வித்தையும்

நிலவேம்பின் கசப்புக்கு முக்கியக் காரணம் ஆண்ட்ரோகிராஃபோலைடு. சாற்றின் வீரியத்தை அளக்க இதைத்தான் அடையாளச் சேர்மமாக எடுத்துக்கொள்கிறார்கள். மார்க்கர் என்பதும் இதுவே. இது ஏன் முக்கியம் என்றால், 2021இல் தாய்லாந்தில் லேசான கோவிட் தொற்றுக்கு நிலவேம்பு கொடுத்தபோது அளவை மாத்திரைக் கணக்கில் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு 180 மி.கி. ஆண்ட்ரோகிராஃபோலைடு, 5 நாள் என்று சொன்னார்கள். 4 சதவீதச் சாறு என்றால் அதற்கு 4.5 கிராம் வேண்டும், 10 சதவீதச் சாறு என்றால் 1.8 கிராம் போதும். அளந்தால்தான் அளவு.

அளப்பது எச்.பி.எல்.சி. கருவியில். சாற்றை மெத்தனாலில் கரைத்து, நுண்வடிகட்டியில் வடித்து, சி-18 என்ற பிரிப்புக் குழாய் வழியாக அனுப்பினால் ஒவ்வொரு சேர்மமும் தனித்தனி நேரத்தில் வெளியே வரும். ஆண்ட்ரோகிராஃபோலைடு ஏறத்தாழ 223 நானோமீட்டர் புறஊதா ஒளியை நன்றாக உறிஞ்சும், அந்த அலைநீளத்தில் வரைபடத்தில் எழும் உச்சியின் பரப்பை அளந்து, தூய சேர்மத்தின் பரப்போடு ஒப்பிடுவார்கள். தவறுகள் நடக்கும் இடங்கள் இரண்டு. ஒப்பீட்டுக்கு வாங்கிய தூய சேர்மம் 98 சதவீதம்தான் தூய்மை என்று பாட்டிலில் எழுதியிருக்கும்; அதை 100 என்று வைத்துக் கணக்குப் போட்டால் எல்லா முடிவும் 2 சதவீதம் கூடிவிடும். இரண்டாவது, இந்தக் குறைந்த அலைநீளத்தில் வேறு பல பொருள்களும் ஒளியை உறிஞ்சும், ஒரு உச்சிக்கடியில் இன்னொன்று ஒளிந்திருக்கலாம். அதனால் உச்சியின் தூய்மையையும் தனியே பார்க்க வேண்டும்.

லேபிளில் ‘கிராவிமெட்ரி முறையில் 30 சதவீதம்’ என்று இருந்தால் அதையும் ‘எச்.பி.எல்.சி. முறையில் 10 சதவீதம்’ என்பதையும் ஒப்பிடவே கூடாது. முதலாவது, கசப்புப் பொருள்கள் என்று கூட்டாக வீழ்படிந்ததையெல்லாம் எடைபோட்டது. இரண்டாவது, ஒரே சேர்மத்தைத் தனியே எண்ணியது. இரண்டும் ஒரே சரக்காகவே இருக்கலாம்.

ஈரத்தையும் மறக்கக் கூடாது. ஈரம் நீக்கிய கணக்கில் 10 சதவீதம் என்று எழுதிய சாற்றில் 8 சதவீத ஈரம் இருந்தால், நீங்கள் அள்ளும் பொடியில் இருப்பது 9.2 சதவீதம்தான்.

இனி, பேனாவும் தாளும் போதுமான ஒரு சோதனை. சரக்குச் சீட்டில் ‘10:1, ஆண்ட்ரோகிராஃபோலைடு 30 சதவீதம்’ என்று சேர்ந்து வந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10:1 என்றால் 10 கிலோ செடியிலிருந்து 1 கிலோ சாறு. முழுச் செடியில் ஆண்ட்ரோகிராஃபோலைடு பொதுவாக 1 முதல் 2 சதவீதம். 2 சதவீதம் என்றே தாராளமாக வைத்துக்கொண்டாலும் 10 கிலோவில் இருப்பது 200 கிராம். ஒரு துளிகூட வீணாகாமல் இறங்கினாலும் 1 கிலோ சாற்றில் 20 சதவீதத்தைத் தாண்டாது. 30 எங்கிருந்து வந்தது? இலையை மட்டும் எடுத்தார்களா, சாற்றை மேலும் தூய்மையாக்கினார்களா (அப்படியானால் 10:1 தவறு), அல்லது தூய சேர்மத்தை வாங்கிக் கலந்தார்களா? கேட்டால்தான் தெரியும். அதேபோல வெறும் 10:1 என்று மட்டும் எழுதிய சீட்டும் வீரியத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. தண்டு மிகுந்த பழைய சரக்கிலும் 10:1 எடுக்கலாம்.

தூய சேர்மத்தைக் கலப்பது மூலிகை வணிகத்தில் பழகிய தந்திரம். ஜின்கோ சாற்றில் ரூட்டினையும் குவெர்செட்டினையும் கலந்து எண்ணை ஏற்றுவது உலகம் முழுக்கத் தெரிந்த கதை. எச்.பி.எல்.சி. அந்த ஒரு உச்சியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோகும். இதற்கு மாற்று, கைரேகை பார்ப்பது. சேர்மங்களைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டும் எச்.பி.டி.எல்.சி. தகட்டில் சாறு ஒரு கோடாகவும், நம்பகமான நிலவேம்பு இலையிலிருந்து எடுத்த சாறு பக்கத்துக் கோடாகவும் வைக்கப்படும். கரைப்பான் ஏறியதும் அசல் சாற்றில் ஆண்ட்ரோகிராஃபோலைடோடு அதன் உறவினர்களான நியோஆண்ட்ரோகிராஃபோலைடு, 14-டிஆக்சி வகைகள் எல்லாம் தனித்தனிப் பட்டைகளாக அணிவகுக்கும். ஒரே பட்டை பளிச்சென்றும் மற்றதெல்லாம் வெறுமையாகவும் இருந்தால், மால்ட்டோடெக்ஸ்ட்ரின் மாவில் தூய சேர்மத்தைத் தூவியிருக்கிறார்கள். மால்ட்டோடெக்ஸ்ட்ரினே தவறல்ல, ஒட்டாமல் பொடியாக நிற்க அது தேவைதான். எத்தனை சதவீதம் என்று சொல்லாமல் விடுவதுதான் தவறு.

பட்டைகளின் விகிதம் சரக்கின் வயதையும் சொல்லும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் ஆண்ட்ரோகிராஃபோலைடு மெல்ல உடைந்து 14-டிஆக்சி வகையாக மாறும். கிடங்கில் வெயில் காலத்தைத் தாண்டிய பேட்ச்சில் ஒன்று தேயும், மற்றது தடிக்கும்.

உலோகங்கள்: ஒரே எண், இரண்டு பொருள்

மூலிகை மருந்துகளுக்கு இந்தியாவில் பின்பற்றப்படும் உச்சவரம்பு: ஈயம் 10, ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பி.பி.எம். ஒரு பி.பி.எம். என்பது கிலோவுக்கு 1 மில்லிகிராம். 2006 ஜனவரியிலிருந்து ஏற்றுமதியாகும், முழுக்க மூலிகையாலான மருந்துகளுக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

வரம்புக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, ஒரு நாளைக்கு எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்க்க வேண்டும். 10 பி.பி.எம். ஈயம் உள்ள சாற்றை நாளுக்கு 500 மி.கி. சாப்பிட்டால் 5 மைக்ரோகிராம் ஈயம். மருந்துகளுக்கான சர்வதேச ஐ.சி.எச். வழிகாட்டி வாய்வழி ஈயத்துக்கு அனுமதிப்பதும் ஒரு நாளைக்குச் சரியாக 5 மைக்ரோகிராம். அதே 10 பி.பி.எம். உள்ள சூரணத்தை 10 கிராம் விழுங்கினால் 100 மைக்ரோகிராம். குடிநீராகக் காய்ச்சினால் அதில் ஒரு பகுதிதான் இறங்கும். விழுங்கினால் முழுவதும் வயிற்றுக்குப் போகும்.

செடியில் தேறிய சரக்கு சாற்றில் தோற்பதும் உண்டு. செடியில் 2 பி.பி.எம். ஈயம் இருந்து அது முழுவதும் 10:1 சாற்றுக்கு இறங்கினால் 20 ஆகிவிடும். எனவே மூலப்பொருளின் சான்றிதழைச் சாற்றுக்கு ஒட்டவைக்க முடியாது.

சோதனையே பொய் சொல்லும் இடங்களும் உண்டு. சாற்றில் அரை கிராம் எடுத்து நைட்ரிக் அமிலத்தில் மைக்ரோவேவ் செரிமானம் செய்து, உலோகங்களை அணு எடையால் பிரித்து எண்ணும் ஐ.சி.பி.எம்.எஸ். கருவியில் வைப்பது வழக்கம். மூடாத பாத்திரத்தில் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப்போய் ‘இல்லை’ என்று வரும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் குளோரின், கருவியிலுள்ள ஆர்கானோடு ஒட்டிக்கொண்டு ஆர்செனிக்கின் அதே 75 எடையில் நின்று, இல்லாத ஆர்செனிக்கை இருப்பதாகக் காட்டும்.

கிருமியும் பூஞ்சையும்

வழக்கமான வரம்பு: கிராமுக்கு மொத்த பாக்டீரியா 1,00,000, ஈஸ்ட்டும் பூஞ்சையும் 1,000. ஈ.கோலி, சால்மோனெல்லா, ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் ஏருஜினோசா ஆகிய நான்கும் இருக்கவே கூடாது. 10 கிராம் பொடியை 90 மி.லி. கரைசலில் கலந்து, மேலும் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, பாக்டீரியாவுக்கான தட்டை 30 முதல் 35 டிகிரியிலும், பூஞ்சைக்கான தட்டை 20 முதல் 25 டிகிரியிலும் சில நாள் வைத்து, முளைத்த புள்ளிகளை எண்ணுவார்கள்.

மூலிகைக்கே உரிய பொறி ஒன்று இங்கே இருக்கிறது. சாறே கிருமியைத் தடுக்கும் குணம் கொண்டதாக இருந்தால், உயிரோடு இருக்கும் கிருமியும் தட்டில் வளராது. ‘கிருமியே இல்லை’ என்று அழகான முடிவு வரும். வயிற்றுக்குள் சாறு நீர்த்துப்போனதும் அதே கிருமி விழித்துக்கொள்ளும். இதற்காகவே, எண்ணிக்கை தெரிந்த 100க்கும் குறைவான கிருமிகளை வேண்டுமென்றே சாற்றில் போட்டு, அவற்றில் பாதியாவது திரும்ப முளைக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். முளைக்காவிட்டால் இன்னும் நீர்க்க வேண்டும், அல்லது தடுப்புக் குணத்தை முறிக்கும் பொருள் சேர்க்க வேண்டும். இந்த முன்சோதனை நடந்ததா என்று கேட்டால் பல சோதனைக்கூடங்கள் கொஞ்சம் தயங்கித்தான் பதில் சொல்லும்.

சரியாக உலராத இலையில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு சேரும். பூஞ்சையைக் கதிரடித்துக் கொன்றாலும் அது விட்ட நஞ்சு போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. ஐரோப்பிய மருந்துத் தரநூலின் வரம்பு கிலோவுக்கு பி-1 வகை 2 மைக்ரோகிராம், நான்கு வகையும் சேர்ந்து 4. கிருமியைக் கொல்ல எத்திலீன் ஆக்சைடு வாயு அடிப்பவர்கள், 2020இல் அந்த வாயுவின் மிச்சம் இருந்ததால் இந்திய எள் ஐரோப்பாவில் திரும்பப் பெறப்பட்டதை நினைத்துக்கொள்ளலாம். அங்கே அதற்கு அனுமதியே இல்லை.

களை விஷயமும் உண்டு. தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை போன்ற களைகளில் ஈரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. அரிவாளால் மொத்தமாக அறுக்கும்போது இவையும் கட்டுக்குள் வந்துவிடும். 1970களில் அன்றைய மத்தியப் பிரதேசத்தின் (இப்போது சத்தீஸ்கர்) சர்குஜா பகுதியில் சாமையோடு கிலுகிலுப்பை விதை கலந்து பலர் ஈரல் நோயால் இறந்தார்கள்.

கரைப்பான் மிச்சம் வாயு நிறப்பிரிகைக் கருவியில் அரைமணியில் தெரிந்துவிடும். எத்தனால் 5,000 பி.பி.எம். வரை, மெத்தனால் 3,000, ஹெக்சேன் 290, பென்சீன் 2.

எலிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்

‘2000 மி.கி. வரை கொடுத்தும் எலி சாகவில்லை, எனவே பாதுகாப்பானது’ என்ற வரியைப் பல விளம்பரங்களில் பார்க்கலாம். இது ஓ.இ.சி.டி. 423 என்ற உடனடி நச்சுச் சோதனையின் முடிவு: உடல் எடையில் கிலோவுக்கு 5, 50, 300, 2000 மி.கி. ஆகிய அளவுகளில் ஒன்றை ஒரே ஒருமுறை கொடுத்து, 14 நாள் கவனிப்பது. ஒருமுறை அதிகமாக விழுங்கினால் ஆள் போய்விடுவாரா என்ற கேள்விக்கு மட்டுமே இது பதில். பெல்ஜியத்தில் மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு நேர்ந்ததை 14 நாள் சோதனை பிடித்திருக்காது. தினமும் கொடுத்து ஈரல், சிறுநீரகம், ரத்தம் எல்லாவற்றையும் பார்க்கும் 28 நாள், 90 நாள் சோதனைகள் தனி. மரபணுச் சேதம் பார்க்கும் ஏம்ஸ் சோதனை தனி. உப்புநீர் இறால் குஞ்சுகளை வைத்துச் செய்யும் சோதனை கல்லூரி ஆய்வுகளில் அடிக்கடி வரும். நச்சு இருக்கலாம் என்று சந்தேகிக்க அது உதவும். நச்சு இல்லை என்று சொல்ல உதவாது.

இன்னொன்று, சோதித்த சாறும் விற்கும் சாறும் ஒன்றாக இருக்க வேண்டும். தண்ணீர்ச் சாற்றில் செய்த நச்சுச் சோதனையை ஆல்கஹால் சாற்றுக்குச் சான்றாகக் காட்ட முடியாது. ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். இரண்டும் வேறு வேறு மருந்து என்றே வைத்துக்கொள்ள வேண்டும். எலியில் தெரியாதவை மனிதரிடம் தெரிவதும் உண்டு. நிலவேம்பு மாத்திரைகளால் சிலருக்குக் கடும் ஒவ்வாமையும் சுவை மாற்றமும் வந்ததை ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது.

வலி, சர்க்கரை, ஆண்மை என்று விற்கும் சாறுகளில் கூடுதலாக ஒரு சோதனை வேண்டும்: டெக்சாமெத்தசோன், டைக்ளோஃபெனாக், கிளிபென்கிளமைடு, சில்டெனாஃபில் போன்ற அலோபதி மருந்துகள் கலந்திருக்கின்றனவா என்று, சேர்மங்களைப் பிரித்து எடையால் அடையாளம் காணும் எல்.சி.எம்.எஸ். கருவியில் தேடுவது. மூலிகை ஒரே நாளில் அற்புதமாக வேலை செய்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சான்றிதழைக் கையில் வாங்கியதும்

பேட்ச் எண் உங்கள் டப்பாவில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு, ஒவ்வொரு சோதனைக்கும் முறையும் வரம்பும் முடிவும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஈயத்துக்கு நேராக ‘பொருந்துகிறது’ என்று மட்டும் இருந்தால் எண்ணைக் கேளுங்கள், 0.4 என்பதும் 9.8 என்பதும் பொருந்தத்தான் செய்யும். அடுத்தடுத்த மூன்று பேட்ச்களில் ஒரே எண் தசமம்கூட மாறாமல் வந்தால் அது நகலெடுத்தது. செடி அப்படி ஒழுங்காக வளர்வதில்லை. சோதனைக்கூடத்துக்கு என்.ஏ.பி.எல். (சோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருந்தாலும் அது எந்தெந்தச் சோதனைக்கு என்ற பட்டியல் தனியாக உண்டு. ஈரத்துக்கு அங்கீகாரம் வாங்கிய கூடம் அஃப்ளாடாக்சினுக்கும் வாங்கியிருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கடைசியாக, இந்தச் சாறு எந்த மூட்டைச் செடியிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்தச் செடியின் உலர்ந்த மாதிரியில் ஒரு கைப்பிடியைக் காட்டச் சொல்லுங்கள்.